மைலாய்டுன்னா 'எலும்பு மஜ்ஜை செல்' கிடையாது

நோயாளிகளுக்கான கையேடு ஒண்ணோட தமிழ் வரைவைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி போன வாரம் எங்கிட்ட வந்துச்சு. அதுல அக்யூட் மைலாய்டு லுகேமியாங்கிற ரத்தப் புற்றுநோய்க்கு "கடுமையான எலும்பு மஜ்ஜை புற்றுநோய்"னு போட்டிருக்கு, பத்து பக்கம் தள்ளி மல்டிபிள் மைலோமாவுக்கும் "எலும்பு மஜ்ஜை புற்றுநோய்"னே போட்டிருக்கு. ரெண்டும் வேற வேற நோய், ஆரம்பிக்கிற செல் வேற, மருந்தும் வேற. வீட்டுல ஒருத்தருக்கு முதல் நோய் வந்து, பிள்ளைங்க ரெண்டாவது நோயோட பக்கத்தைப் படிச்சுட்டு உக்காந்திருந்தா என்ன ஆகும்? மைலாய்டுங்கிறது நோய் எதிர்ப்பு செல்கள்ல ஒரு குழு, அதுக்கு "எலும்பு மஜ்ஜை செல்கள்"ங்கிற இந்த மொழிபெயர்ப்பை எத்தனை தடவை திருத்திட்டேன், திரும்பத் திரும்ப வருது.

மைலாய்டுங்கிற சொல் கிரேக்கம். மியெலோஸ்னா மஜ்ஜை, கடைசில ஒட்டியிருக்கிற 'ஆய்டு' சாயல், வடிவம்னு பொருள்படுற எய்டோஸ்ல இருந்து வந்தது. தண்டுவடத்தையும் அவங்க மியெலோஸ்னுதான் சொன்னாங்க, அதனாலதான் ஆஸ்டியோமைலைட்டிஸ்னா எலும்புல தொற்று, வெறும் மைலைட்டிஸ்னா தண்டுவட அழற்சி. நம்ம மொழியிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, சித்த மருத்துவத்துல ஏழு உடற்கட்டு எண்ணும்போது என்புக்கு அடுத்து வர்ற 'மூளை' எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையத்தான் குறிக்குது.

சரி, மியெலோஸ்னா மஜ்ஜைதானே, அப்ப "எலும்பு மஜ்ஜை செல்"னு சொன்னா என்ன தப்புன்னு கேப்பாங்க. அகராதியில முதல் பொருளை எடுத்து ஒட்டுறதுதான் தப்பு. ரத்தம் எலும்பு மஜ்ஜையிலதான் உருவாகுதுன்னு 1868ல ஜெர்மன் மருத்துவர் எர்ன்ஸ்ட் நாய்மான் சொன்னார். அப்புறம் இன்னொரு ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் சாயம் ஏத்தி வெள்ளணுக்களைப் பிரிச்சுப் பார்த்து, துகள் உள்ளதெல்லாம் மஜ்ஜையில பிறக்குது, லிம்போசைட்டெல்லாம் நிணநீர் உறுப்புல பிறக்குதுன்னு ரெண்டு வீடா பிரிச்சார். அந்தக் காலத்துக்கு அந்தப் பேரு பொருத்தம். இன்னைக்கு நமக்குத் தெரியும், பி லிம்போசைட்டும் மஜ்ஜையிலதான் பிறக்குது, டி லிம்போசைட்டோட மூதாதை செல்லும் அங்கிருந்துதான் கிளம்பி நெஞ்சுல இருக்கிற தைமஸ் சுரப்பிக்குப் போகுது, ஆனா அதையெல்லாம் யாரும் மைலாய்டுன்னு சொல்றதில்ல. இன்னொரு பக்கம் மூளைக்குள்ள இருக்கிற மைக்ரோகிளியாவைப் பாருங்க, கரு உருவாகுற ஆரம்பத்துலயே, எலும்புல மஜ்ஜை வர்றதுக்கு முன்னாடியே, கருவோட மஞ்சட்கருப் பையில இருந்து கிளம்பி மூளைக்குப் போய் குடியேறின செல் அது, ஆனா அது மைலாய்டு. மஜ்ஜையில பிறந்ததை விட்டுட்டு, பிறக்காததைச் சேர்த்துக்கிற ஒரு குழுவுக்கு "எலும்பு மஜ்ஜை செல்"னு பேர் வச்சா படிக்கிறவங்களுக்கு என்ன புரியும்? மைலோமா குழப்பமும் இதுல இருந்து வந்ததுதான். அது பிளாஸ்மா செல்லுல வர்ற புற்றுநோய், பிளாஸ்மா செல் பி லிம்போசைட்டோட வாரிசு, உக்காந்திருக்கிற இடம் மட்டும்தான் மஜ்ஜை.

அப்ப மைலாய்டுங்கிறது இப்போ இடத்தோட பேரு இல்ல, ஒரு வம்சத்தோட பேரு. நியூட்ரோஃபில், ஈசினோஃபில், மோனோசைட், மேக்ரோஃபேஜ், டென்ட்ரிட்டிக் செல் எல்லாம் அந்த வம்சம். காயம் பட்டா முதல்ல ஓடி வர்றது நியூட்ரோஃபில், சீழ்ல செத்துக் கிடக்கிறதுல பெரும்பாலும் அதுதான். அதே வம்சம் நோய்க்கும் இடம் கொடுக்கும். காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்கிடும், கொல்ல முடியாம போனா கிருமி அதுக்குள்ளயே குடும்பம் நடத்தும், ரத்தக்குழாய்ச் சுவர்ல கொழுப்பைத் தின்னு தின்னு நுரை மாதிரி ஊதிப்போறதும் மேக்ரோஃபேஜ்தான். இதையெல்லாம் ஒண்ணா வச்சுப் பேசத்தான் அந்தச் சொல்லே தேவைப்படுது.

வம்சத்துக்குத் தமிழ்ல அருமையான சொல் இருக்கு, கால்வழி. மைலாய்டுக்கு மஜ்ஜைக் கால்வழி, லிம்போசைட் வம்சமான லிம்பாய்டுக்கு நிணக் கால்வழி. பேர்ல மஜ்ஜை இருந்தாலும் 'கால்வழி' வந்த உடனே இது குடிவழிப் பேருன்னு தெரிஞ்சுடுது. மஜ்ஜை வடசொல், அதை எடுத்துட்டு 'என்புள்ளீடு'ன்னு போடுன்னு நண்பர் ஒருத்தர் ரொம்ப நேரம் வாதாடினார். எனக்கும் தமிழ்ச்சொல் மேல ஆசை உண்டு, ஆனா பயத்துல இருக்கிற ஒருத்தர் கையில போற புத்தகத்துல அவர் காதால கேட்டே இராத சொல்லை வைக்க எனக்கு மனசு வராது. மஜ்ஜைன்னா எல்லாருக்கும் தெரியும். ஜகரம் உறுத்துச்சுன்னா மச்சைன்னு எழுதட்டும், பழைய நூல்கள்ல இருக்கிற வடிவம்தான்.

அந்த "கடுமையான"வும் தப்பு. அக்யூட்ங்கிறது இங்க நோய் எவ்வளவு வேகமா முற்றுதுங்கிறதைச் சொல்லுது. மெதுவா முற்றுறதைக் குறிக்கிற குரோனிக்னா சாதாரணம்னு நினைச்சு மருந்தை விட்டவங்களை எனக்குத் தெரியும்.

வரைவுல இப்படி மாத்தி அனுப்பிட்டேன்: "விரைந்து முற்றும் மஜ்ஜைக் கால்வழி ரத்தப் புற்றுநோய்", பக்கத்துலயே அக்யூட் மைலாய்டு லுகேமியான்னு தமிழ் எழுத்துல, ஏன்னா டாக்டர் வாயில அந்தப் பேருதான் வரும். மைலோமாவுக்கு "பிளாஸ்மா செல் புற்றுநோய்".