'வெளிப்படையான வரிகள்' என்பது எந்த ஊர்த் தமிழ்?

இந்தத் தொடரை மூன்றாவது முறையாக எதிர்கொண்டபோதுதான் இதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிற்று. முதன்முறை, பண்பலை வானொலி ஒன்றின் இரவு நிகழ்ச்சியில், அடுத்து வருவது வெளிப்படையான பாடல் வரிகளைக் கொண்ட ராப் பாடல் என்றும் சிறுவர்கள் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அறிவிப்பாளர் சொன்னார். இரண்டாம்முறை, பம்பலப்பிட்டியில் என் கையில் திணிக்கப்பட்ட இசைநிகழ்ச்சித் துண்டுப்பிரசுரத்தில் அதே தொடர் தடித்த எழுத்தில் இருந்தது. மூன்றாம்முறை அது எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ராப் இசையில் ஈடுபாடுள்ள என் பெறாமகன், டூ லைவ் குரூ என்ற மயாமி நகரக் குழு 1989 இல் வெளியிட்ட 'அஸ் நாஸ்ரி அஸ் தே வோனா பீ' என்னும் அல்பத்தை நயந்து ஒரு கட்டுரை எழுதி, தமிழைப் பார்த்துத் தருமாறு என்னிடம் கொடுத்தான். 'வெளிப்படையான பாடல் வரிகளால் சர்ச்சைக்குள்ளான அல்பம்' என்று அதன் முதல் வாக்கியம் தொடங்கியது. நான் அதை வாய்விட்டு வாசித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "வெளிப்படையாப் பாடினா நல்லதுதானே, அதுக்கேன் சர்ச்சை?" என்று கேட்டார். எண்பது வயதைக் கடந்த, ஆங்கிலம் அறியாத ஒரு தமிழ் வாசகி அந்தத் தொடரை எப்படி விளங்கிக்கொள்வார் என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

'வெளிப்படையான வரிகள்' என்பது 'எக்ஸ்பிளிசிற் லிரிக்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு. எக்ஸ்பிளிசிற் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. மடித்தல் என்னும் பொருளுடைய வினையோடு 'வெளியே' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, மடிப்பை விரித்தல் என்றாயிற்று. இடைக்கால ஐரோப்பிய ஏடுகளில் நூல் முடியும் இடத்தில் இச்சொல்லை எழுதும் வழக்கமும் இருந்தது. ஐயத்துக்கு இடமின்றி விரித்துச் சொல்லப்பட்டது என்பது அதன் பொதுப்பொருள். பாலுறவு முதலியவற்றை மூடி மறைக்காமல் சொல்வது என்பது பிற்காலத்தில் அதன்மேல் ஏறிய சிறப்புப்பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பொதுப்பொருளோடு நின்றுவிட்டார்கள் என்பதே என் முறைப்பாடு.

இசைத்தட்டுகளின் மீது இந்தச் சொல் ஏறிய கதையையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அமெரிக்க செனற் சபை உறுப்பினர் ஒருவரின் மனைவியான ரிப்பர் கோர், தம் மகளுக்காக வாங்கிய பிரின்ஸின் இசைத்தட்டில் இருந்த பாடலொன்றைக் கேட்டுத் திடுக்கிட்டதில் தொடங்கிய இயக்கம், 1985 செப்டெம்பரில் செனற் விசாரணை வரை சென்றது. அவ்வாண்டின் இறுதிக்குள் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலகங்களின் சங்கம் தட்டுகளில் எச்சரிக்கை இட இணங்கியது. இன்று எல்லோரும் அறிந்த கறுப்பு வெள்ளை முத்திரை 1990 இல் சீராக்கப்பட்டது. 1996 இல் அதிலிருந்த 'வரிகள்' என்ற சொல் 'உள்ளடக்கம்' என்று மாற்றப்பட்டது. கடுமையான சொற்கள், வன்செயல், பாலுறவு, போதைப்பொருள் ஆகியவற்றின் சித்திரிப்புகள் பெற்றோருக்குத் தெரிவிக்கவேண்டிய அளவில் இருக்கின்றன என்பதே முத்திரையின் பொருள். அந்தப் பாடல்கள் கெட்டவை என்றோ கேட்கத் தகாதவை என்றோ அது சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கவனம் என்று மட்டுமே சொல்கிறது.

இனி 'வெளிப்படை'க்கு வருகிறேன். இலங்கையில் இச்சொல்லுக்கு இன்று ஒரு தனி மதிப்பு உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, வெளிப்படைத்தன்மை என்ற சொல் விழாத கூட்டமே கொழும்பில் இல்லை. கேள்விமனு கோருவதில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்கிறோம். அரசியல்வாதி சொத்து விவரத்தை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்கிறோம். ஒளிவுமறைவு இல்லாதவரை வெளிப்படையான மனிதர் என்று புகழ்கிறோம். எல்லாம் நற்பொருள். அப்படிப்பட்ட சொல்லைக் கொண்டுபோய் ஓர் எச்சரிக்கைப் பலகையில் எழுதினால், எச்சரிக்கை பாராட்டாக மாறிவிடுகிறது. அம்மாவின் கேள்வி அதைத்தான் பிடித்தது. மருத்துவமனைப் படிவத்தில் 'வெளிப்படையான சம்மதம்' என்று எழுதுவதை நான் குறைகூறவில்லை. அங்கே பொதுப்பொருளே வேண்டப்படுவதால் அது சரியான தமிழ். ஒருமுறை சரியாக வந்தது எல்லா இடத்திலும் சரியாக வரும் என்று நம்புவதுதான் பிழை.

இந்தத் தொடரை ஆதரிப்போர்க்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அவர்களில் எவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நன்னூல், சொற்கள் பொருள்தரும் முறையைக் குறிப்பு என்றும் வெளிப்படை என்றும் இரண்டாகப் பகுக்கிறது. ஆகுபெயர், அன்மொழித்தொகை, தகுதி வழக்கு முதலியன குறிப்பினால் பொருள் தருவன, அல்லாதன வெளிப்படை. தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல் அடங்கும். அதாவது, பலர்முன் சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்வது குறிப்பு. எனவே அதை மறைக்காமல் சொன்னால் அது வெளிப்படை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கின்படி 'மாடு மேய்ந்தது' என்பதும் வெளிப்படை, 'பஸ் வந்துவிட்டது' என்பதும் வெளிப்படை. நேர்ப்பொருள் தரும் ஒவ்வொரு பாடல் வரிக்கும் அந்த முத்திரையைக் குத்தவேண்டி வரும். மறுபக்கம், ராப் பாடல்களில் இரட்டுற மொழிதல் மிகுதி. வெளியே ஒரு பொருளும் உள்ளே கூசவைக்கும் இன்னொரு பொருளுமாக அமைந்த சிலேடை வரி நன்னூலின்படி எவ்வகையிலும் வெளிப்படை ஆகாது. ஆனாலும் அது முத்திரையிலிருந்து தப்புவதில்லை. ஆகவே சொல் நேராக வருகிறதா வளைந்து வருகிறதா என்பது இங்கே அளவுகோல் அன்று. அளவுகோல் அது எவர்முன் வருகிறது என்பதே.

வெளிப்படையை விலக்கியதும் பலர் 'ஆபாச வரிகள்' என்று தாவுகிறார்கள். என் பெறாமகனும் திருத்தச் சொன்னவுடன் அதைத்தான் எழுதினான். ஆபாசம் வடசொல், மூலத்தில் அது போலித்தோற்றத்தைக் குறித்தது. தமிழில் வந்து அருவருப்பு என்றும் காமக்கொச்சை என்றும் பொருள் திரிந்தது. வடசொல் என்பதற்காக அதை விலக்க நான் வரவில்லை. அப்படி விலக்கத் தொடங்கினால் இந்தக் கட்டுரையிலேயே பாதிச் சொல் போய்விடும். என் மறுப்பு வேறு. ஆபாசம் என்பது ஒரு தீர்ப்பு. நம் நாட்டிலேயே 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச்சட்டம் இருக்கிறது. ஒன்றை ஆபாசம் என்று சொன்னால் அது குற்றத்தின் வாசலில் நிற்கிறது என்று பொருள். தயாரிப்பாளர் தாமாக ஒட்டும் ஓர் அறிவிப்பு அப்படிப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் ஆகுமா?

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு அவன் எழுதிய அல்பமே சாட்சி. 1990 ஜூன் மாதம் புளோரிடாவின் சமஷ்டி நீதிபதி ஹோசே கொன்சலேஸ் அதைச் சட்டப்படி ஆபாசமானது என்று தீர்த்தார். அமெரிக்காவில் ஓர் இசை அல்பம் சமஷ்டி நீதிமன்றத்தில் அவ்வாறு தீர்க்கப்பட்டது அதுவே முதன்முறை. இரண்டே நாளில் அதை விற்ற கடைக்காரர் ஒருவர் கைதானார்; அதே மாதத்தில் மேடையில் அப்பாடல்களைப் பாடியதற்காகக் குழுவினரும் கைதாகி, ஒக்டோபரில் நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்டனர். 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பைத் தள்ளியது. அமெரிக்கச் சட்டத்தில் ஒன்று ஆபாசம் ஆகவேண்டுமானால், மற்ற நிபந்தனைகளோடு, அதற்குக் கலை, இலக்கிய, அரசியல், அறிவியல் மதிப்பு எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்பதும் நிறுவப்படவேண்டும். எதிர்த்தரப்பான ஷெரிப், அதாவது உள்ளூர்ப் பொலிஸ் தலைவர், ஒலிநாடாவைத் தவிர வேறு சான்று எதையும் முன்வைக்கவில்லை. நாடாவைக் கேட்டதைக் கொண்டு மட்டும் நீதிபதி அதன் கலைமதிப்பை இல்லையென்று சொல்ல முடியாது என்றாயிற்று. ஆக, இந்த அல்பம் எக்ஸ்பிளிசிற் என்பதில் அதைப் பாடியவர்களுக்கே ஐயமில்லை. ஆபாசம் என்பதோ நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் எழுதினால் அந்த வழக்கின் கதையையே தமிழில் சொல்ல முடியாது. 'ஆபாசமான அல்பம் ஆபாசமானதன்று என்று தீர்க்கப்பட்டது' என்று எழுதிவிட்டு வாசகரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கொச்சை வரிகள் என்பாரும் உண்டு. கொச்சை என்பது திருந்தாத பேச்சு. நாங்கள் வீட்டில் பேசுவது முழுக்கக் கொச்சைதான், அதற்கு முத்திரை வேண்டியதில்லை. 'பச்சை' இதைவிட நல்ல சொல். பச்சை பச்சையாகப் பேசுதல் என்றால் எந்தத் தமிழருக்கும் விளங்கும். ஆனால் அது வசவின் சாயலை விட்டுப் பிரியாது. ஈழத்தவர் வாயில் உண்மையாகப் புழங்கும் சொல் தூசணம். பள்ளிக்கூடத்தில் தூசணம் பேசி அடி வாங்காத ஆண்பிள்ளை குறைவு. உயிருள்ள சொல்லை நான் மதிக்கிறேன். நண்பர்களுக்குள் 'தூசணப் பாட்டு' என்று சொன்னால் தடுக்கமாட்டேன். எனினும் தூசணம் வசைச்சொல்லை மட்டுமே குறிக்கும். ஒரு வசைச்சொல்கூட இல்லாமல் துப்பாக்கிச்சூட்டையோ போதையையோ விரித்துப் பாடினால், அங்கே தூசணம் இல்லை, முத்திரை மட்டும் இருக்கும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில், 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறார். அவையல் கிளவி என்றால் அவைக்கு உரியதல்லாத சொல். அதை மறைத்துச் சொல் என்பது விதி. பிற்கால இலக்கணம் இதையே இடக்கரடக்கல் என்றது. விதித்தவர் தாமே அதைக் கடைப்பிடித்ததும் சுவையானது: எழுத்ததிகாரத்தில் மலத்தைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல்லைச் சொல்லவேண்டி வந்தபோது, அதை எழுதாமல் 'ஈகார பகரம்' என்று எழுத்துக்கூட்டிச் சென்றுவிட்டார். இன்று வானொலியில் சொல்லின் நடுவே 'பீப்' ஒலி விழும்போதெல்லாம் எனக்கு அவரது ஈகார பகரமே நினைவுக்கு வரும்.

அவையல் என்ற சொல்லின் அழகு எங்கே இருக்கிறது என்றால், அது சொல்லின்மேல் குற்றம் சுமத்துவதில்லை. குற்றம் இருந்தால் அது சொல்லும் அவையும் பொருந்தாமையில்தான். மருத்துவரிடம் சொல்லக்கூடியதை மணவறையில் சொல்ல முடியாது; சொல் அதே சொல், அவை வேறு. பெற்றோருக்கு அறிவிக்கும் முத்திரையின் கருத்தும் இதுவே. பாலுறவு, வசை, வன்செயல், போதை ஆகிய நான்கும் இதற்குள் அடங்கும். ஆகவே 'அவையல் வரிகள்' என்பதையே நான் முன்வைக்கிறேன். பழஞ்சொல் விளங்காது என்று அஞ்சுவோர் 'அவைக்கு ஒவ்வா வரிகள்' என்று எழுதட்டும். இடக்கர் வரிகள் என்றும் சொல்லலாம்தான். ஆனால் அது வன்செயலைத் தொடாது. டூ லைவ் குரூ அதே அல்பத்தின் தணிந்த வடிவத்தையும் 'அஸ் கிளீன் அஸ் தே வோனா பீ' என்று வெளியிட்டதை என் பெறாமகன் 'சுத்தமான பதிப்பு' என்று எழுதியிருந்தான். 'இடக்கர் அடக்கிய பதிப்பு' என்று திருத்தினேன். மூலம் அழுக்கு என்று சொல்லாமல் சொல்வதைத் தவிர்க்க இது உதவும்.

இந்தச் சொல் அவன் கட்டுரையின் போக்கையே சற்று மாற்றியது என்பதையும் பதிவுசெய்கிறேன். தகுதி வழக்கு மூன்றில் இடக்கரடக்கலின் உடன்பிறப்பு குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்ளும் சொல். இலக்கியப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேற்ஸ் 1990 இல் இக்குழுவினருக்காக வாதிட்டபோது, நம் இலக்கணப்படி பார்த்தால், இதையே சொன்னார்: கறுப்பினத்தவரின் பேச்சில் மிகைப்படுத்திப் பழிப்பதும் பகடி செய்வதும் நெடுங்கால மரபு, அந்தக் குறிப்பறியாதவர் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்வது பிழை. இதை முழுவதும் ஏற்க என்னால் முடியவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷோ அடுத்த ஆண்டே எழுதியதுபோல, இவர்கள்மீது மட்டும் வழக்குப் பாய்ந்ததில் நிறவெறி இருந்தது, பாடல்களில் பெண்ணிழிவும் இருந்தது. ஒன்று மற்றொன்றை மன்னிப்பதில்லை. அல்பத்தின் கனத்த தாளத்தையும், ரோலண்ட் 808 கருவியின் அடிவயிற்றை அதிரவைக்கும் ஓசையையும் அவன் நயந்து எழுதிய பகுதியை நான் தொடவில்லை. பெண்களைப் பற்றிய வரிகள் எல்லாம் வெறும் பகடி என்று கடந்துபோன பந்தியை மட்டும் திரும்ப எழுதச் சொன்னேன். 'வெளிப்படையான வரிகள்' என்று எழுதியிருந்தவரை அந்தப் பந்தி அவனுக்கு உறுத்தவில்லை. புகழ்ச்சொல்லுக்குள் வைத்த பொருளில் குறை தெரியாது.

முத்திரையின் மேல்வரியான 'பேரென்ரல் அட்வைசரி'க்கும் நம்மவர் செய்திருப்பது குறைவில்லை. துண்டுப்பிரசுரத்தில் அது 'பெற்றோர் ஆலோசனை' என்றிருந்தது. பெற்றோர் ஆலோசனை சொல்கிறார்களா, பெற்றோருக்கு ஆலோசனையா, அல்லது பாடசாலையில் பெற்றோரைக் கூட்டிவைத்துப் பேசும் கூட்டமா? 'பெற்றோருக்கு அறிவித்தல்' என்று எழுதினால் போதும். இலங்கைத் தமிழில் அறிவித்தல் என்பது எவ்வளவு பழகிய சொல், மரண அறிவித்தல் தொடக்கம் மின்தடை அறிவித்தல் வரை அதுதானே நம்மிடம் இருக்கிறது.

கைத்தொலைபேசிச் செயலிகளில் பாடலின் பெயருக்குப் பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்து ஒன்றுதான் இருக்கும். அதற்குத் தமிழில் என்ன இடுவது என்று பெறாமகன் கேட்டான். அவையல் என்பதன் முதலெழுத்து 'அ' என்றேன். "பெரியப்பா, ஏடு தொடக்கேக்க எழுதுற முதல் எழுத்தையே பிள்ளையள் கேக்கக்கூடாத பாட்டுக்குப் போடுறதோ?" என்றான். இடக்கரின் 'இ' என்று பின்வாங்கிப் பார்த்தேன்; அதையும் பாலர் வகுப்பில் இலை என்று படிப்பிப்பதாகச் சொன்னான்.