குடலைத் தடவிப் பார்க்கும் விரல்கள்

சிறுகுடலில் கட்டி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியே செய்யும் அறுவையில், முடிந்துவிடுமா, வயிற்றைத் திறக்க வேண்டுமா?" என்பதுதான். கட்டி எந்த வகை, எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துவார்கள். அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15 மி.மீ. பாதரச அளவு. வயிற்றுச்சுவர் கூடாரம்போல் எழும்பி, உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். இந்த வாயு தீப்பற்றாது. இரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். 5 முதல் 12 மி.மீ. துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் உள்ளே போகும். வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பின்னாளில் தழும்பில் குடலிறக்கம் வரும் வாய்ப்பும் குறைவு. இவை நோயாளிக்குச் சிறிய லாபங்கள் அல்ல.

ஆனால் உலோக இடுக்கிக்கு விரலின் உணர்வு கிடையாது. சிறுகுடலில் ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் இது பெரிய குறை. இவ்வகைக் கட்டி பலருக்கு ஒன்றோடு நிற்பதில்லை. சில மில்லிமீட்டரே உள்ள கட்டிகள் குடல்சுவருக்குள் ஆங்காங்கே புதைந்திருக்கும். சி.டி. ஸ்கேனும் கேமராவும் அவற்றைத் தவறவிடலாம். ஏறக்குறைய 6 மீட்டர் நீளக் குடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே வரும்போது சட்டென ஒரு சிறு கடினம் நெருடும். அதுதான் அடுத்த கட்டி.

இதற்கு அழகான ஒரு நடுவழி உண்டு. கேமரா உதவியோடு குடலை விடுவித்த பிறகு, தொப்புளருகே உள்ள துளையைச் சில சென்டிமீட்டருக்கு விரிப்பார்கள். காயத்தின் விளிம்பில் கட்டிச் செல்கள் படாதபடி பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பொருத்துவார்கள். குடலை வளையம் வளையமாக வெளியே எடுத்துத் தடவிப் பார்த்து, வெட்டி, இணைத்து, மீண்டும் உள்ளே வைப்பார்கள்.

இதுவும் கைகொடுக்காத இடம் குடல்தாங்கியின் வேர்ப்பகுதி. குடலுக்கு இரத்தக்குழாய்களைக் கொண்டுவரும் மடிப்பு அது. கட்டி அங்குள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவினால், சுற்றியுள்ள திசு நாராக இறுகிச் சுருங்கும். குடலையும் இரத்தக்குழாய்களையும் தன்பக்கம் இழுக்கும். முக்கியத் தமனியின் கிளைகளைக் காப்பாற்றியபடியே அந்தக் கணுக்களை உரித்தெடுக்க வேண்டும். கிளைகள் போய்விட்டால் நீண்ட பகுதி குடலே அழுகிவிடும். இங்கே வயிற்றைத் திறப்பதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு என்பேன்.

குடல்சுவரின் தசைப்பகுதியில் வளரும் ஜிஸ்ட் வகைக் கட்டிக்குக் கவலையே வேறு. உறை கிழிந்து சிதறினால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். ஆகவே கட்டி பெரிதாகவோ மிருதுவாகவோ இருந்தால் இடுக்கியால் இழுப்பது ஆபத்து. குடலின் உள்படலத்தில் தோன்றும் புற்றுநோயான அடினோகார்சினோமா என்றால் போதுமான நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்க வேண்டும்; குறைந்தது 8 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

துளை வழியே தொடங்கிய மருத்துவர் பாதியில் வயிற்றைத் திறக்க முடிவெடுத்தால், அதைத் தோல்வி என்று நினைத்துக் கலங்க வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே இதையும் கேட்டு வையுங்கள்: "எந்த முறையானாலும், குடல் முழுவதையும் கையால் தடவிப் பார்த்துவிடுவீர்கள்தானே?"