கடன் கொப்பியில கிடந்த சிவப்புக் கோடும் ஹார்ட் டிஸ்க் டிரைவரும்

களுவாஞ்சிக்குடியில எங்கட அப்பா சில்லறைக் கடை வச்சிருந்தவர், கடன் கொப்பியில சில பேருக்குப் பக்கத்தில சிவப்புப் பேனையால ஒரு கோடு கிடக்கும், அது என்னத்துக்கெண்டு அவருக்கு மட்டுந்தான் தெரியும். மறுகா தம்பி கடையப் பொறுப்பெடுத்தான், கோடு போட்ட ஆக்களுக்குக் கடனே குடுக்கல்ல. படுவான்கரையால வந்த பெரியவர் ஒருத்தர் கோவிச்சுக்கொண்டு போன பிறகுதான் அப்பா சொல்றார், "டேய், அவர் வெள்ளாமை வெட்டினாப் பிறகுதான் காசு தருவார், அதுக்கு முந்திக் கேக்காதயெண்டுதான் அந்தக் கோடு" எண்டு.

ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளயும் இப்படிக் கொப்பி இருக்கு. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் ட்ரைவ் எல்லாம் ஸ்டாண்டர்ட்ல எழுதினபடி பதில் சொல்ல வேணும், ஆனா எல்லாம் அப்படிச் சொல்றதில்ல. வித்த சாமானத் திருப்பி எடுத்துத் திருத்த ஏலாது, அதால லினக்ஸ் எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ட மையப் பகுதியான கேர்னல், சாமானோட பேசுற புரோகிராமான தன்ட டிரைவருக்குள்ள மொடல் பேரப் போட்டு பக்கத்தில ஒரு குறிப்பு வச்சுக்கொள்ளும், அதுக்குத்தான் குவேர்க் எண்டு பேர்.

எனக்குப் பிடிச்ச குவேர்க் யூஎஸ்பி பக்கம் இருக்கு. டிஸ்க் செக்டர் எண்ட சின்னச் சின்னத் துண்டுகளாப் பிரிஞ்சிருக்கும், நம்பர் 0இல தொடங்கும். ரீட் கப்பாசிட்டி எண்டொரு கொமாண்ட் கேக்கிறது மொத்தம் எத்தினை எண்டில்ல, கடைசிச் செக்டர்ட நம்பர் என்ன எண்டுதான். 1000 செக்டர் இருந்தா பதில் 999. ஆனா சில சாமான் 1000 எண்டு சொல்லும், கேர்னலும் அத நம்பி மொத்தம் 1001 எண்டு எடுத்து, இல்லாத செக்டரப் போய் வாசிக்கும், சிலது எரர் தரும், சிலது அப்படியே ஹேங் ஆகிக் கிடக்கும். அந்த மொடல்களுக்கு ஒண்டக் கழிச்சுப் போட்டாச் சரி. ஆர் பொய் சொல்றா எண்டு நிச்சயமில்லாத சாமானுக்கு இன்னொரு தந்திரம் இருக்கு, மொத்தக் கணக்கு ஒற்றைப்படையா வந்தா மட்டும் ஒண்டக் கழி எண்டு, ஏனெண்டா உண்மையான டிஸ்க்குகள்ல பெரும்பாலும் இரட்டைப்படைதான். கட்டாடி குறி சொல்ற மாதிரி எண்டு நான் சிரிக்கிறது, ஆனா அது வேலை செய்யுது!

சரியாச் சொல்ற டிஸ்க்குக்கும் தெரியாமக் கழிச்சா என்ன நடக்கும்? ஜிபிடி எண்ட முறையில, டிஸ்க்க எப்படிப் பகுதி பகுதியாப் பிரிச்சிருக்கெண்டு சொல்ற பார்ட்டிஷன் டேபிள்ட காவல் பிரதியின்ட தலைப்பு இருக்கிறது அந்தக் கடைசிச் செக்டர்லதான். முன்னுக்குள்ளது பழுதாகிற நாள்ல அந்தப் பிரதி கேர்னல்ட கண்ணுக்கே தெரியாது. அதால கழிக்கச் சொன்னது ஆர், எந்தச் சாமானுக்கு, என்னத்துக்கெண்டு பக்கத்தில எழுதி வைக்க வேணும்.

சாட்டா எண்ட இணைப்பால பூட்டுற டிஸ்க்குகளப் பாக்கிற கேர்னல் பகுதிக்கு லிபேட்டா எண்டு பேர், அதில குழப்பம் பேர்லயே இருந்திச்சு. அந்தக் கொப்பிக்குப் பேர் பிளக்லிஸ்ட், குறிப்புகளுக்குப் பேர் ஹோர்க்கேஜ், அது உடைஞ்சுபோன சாமானச் சொல்ற கொச்சைச் சொல். ஆனா அதுக்குள்ள சாம்சங் 850 எஸ்எஸ்டி வரிசைக்கு ரெண்டு குறிப்பு கிடக்கு. அழிச்ச இடங்கள எஸ்எஸ்டிக்குச் சொல்ற ட்ரிம் கொமாண்ட மத்த வேலைகளோட வரிசையில வச்சு அனுப்பாத எண்டு ஒண்டு, அது குறை. ட்ரிம் பண்ணின இடத்த வாசிச்சா நிச்சயமா சைபர்தான் வரும், நம்பலாம் எண்டு மற்றது, அது நற்சான்றிதழ்! கள்ளன் லிஸ்ட்டுக்குள்ள நல்லவன்ட பேரும். அந்தக் குறிப்பும் ஒரு சாமானுக்கில்ல, 850க்குப் பின்னால நட்சத்திரக் குறி போட்டு முழுக் குடும்பத்துக்கும். 2024இல பேரெல்லாத்தையும் குவேர்க் எண்டு மாத்தினாங்க, எந்த டிஸ்க்குக்கு எது பிடிச்சிருக்கெண்டு பூட் ஆகேக்க லொக்ல காட்டவும் வச்சாங்க. பேர் மாத்தினதுக்கு என்ன பெரிசா எண்டு கேக்கிறாக்கள் இருக்கினம், எங்கட தம்பியிட்டக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க.

சரி, பழசுகள அழிச்சா என்ன? அங்கதான் சிக்கல். டபிள்யூடிசி ஏசி11000எச் எண்டு 1990கள்ல வந்த ஒரு ஹார்ட் டிஸ்க், அதுக்கு டிஎம்ஏ, அதாவது ப்ரொசசர் ஒவ்வொண்டாத் தூக்காம டேட்டாவ நேரா மெமரிக்கு அனுப்புற முறை, பாவிக்காத எண்டு ஒரு வரி இண்டைக்கும் கிடக்கு. அத எடுக்கலாமா எண்டு பாக்கிறதுக்கு ஓடுற டிஸ்க் ஒண்டு கையில வேணும், மட்டக்களப்பில பழைய சாமான் வாங்குற கடையெல்லாம் தேடினாலும் இனிக் கிடைக்குமா தெரியல்ல, அதால அந்த வரி அப்படியே கிடக்கு.