பூரி போல உப்பி உரியும் சிலிக்கான்

சிலிக்கான் வேஃபருக்குள், அதாவது சில்லு செய்யும் மெல்லிய வட்டத் தகட்டுக்குள், ஹைட்ரஜன் அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) பாய்ச்சிச் சூடாக்கினால், மேற்பரப்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். யாருக்கும் பிடிக்காத தொல்லை அது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் லெட்டி அரசு ஆய்வகத்தில் இருந்த மிஷெல் ப்ரூயெல் அதையே கத்தியாக்கினார். கொப்புளம் மேலே எழும்ப முடியாதபடி, மேலே இன்னொரு வேஃபரை ஒட்டிவிட்டால்? பக்கவாட்டில்தான் பரவியாக வேண்டும். அப்படிப் பரவி ஒன்று சேர்ந்தால் மேல் தோல் முழுசாகக் கழன்று ஒட்டிய வேஃபரோடு வந்துவிடும், பூரி உப்பி இரண்டு தோலாவது போல. 1991-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 'ஸ்மார்ட் கட்' என்று பெயர்.

எதற்கு இவ்வளவு பாடு? சில்லுக்குள் இருக்கும் குட்டி ஸ்விட்சான டிரான்சிஸ்டருக்கு அடியில் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் இருந்தால் மின்கசிவு குறையும். அதற்கு, ஆக்சைடின் மேல் மெல்லிய சிலிக்கான் படிகத் தோல் ஒன்று வேண்டும். ஹைட்ரஜனை எவ்வளவு வேகத்தில் பாய்ச்சுகிறோமோ அவ்வளவு ஆழம் போகும்; அதுதான் தோலின் தடிமன். சுமார் 500 டிகிரி செல்சியஸில் உரிந்துவிடும். மிச்சமுள்ள வேஃபரை மெருகேற்றி மறுபடி பயன்படுத்தலாம்.

சரி, ஆய்வகத்தில் நடந்தது ஆலையிலும் நடக்குமா? லெட்டியிலிருந்து வந்த இருவர் 1992-இல் சோய்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இங்கே பெரிய எதிரி தூசி. வேஃபர்களை ஒட்டப் பசை கிடையாது. நன்றாகக் கழுவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஓரிடத்தில் லேசாக அழுத்தினால் சில நொடிகளில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு மைக்ரான் தூசி மாட்டினால், அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒட்டாது. ஆய்வகத்தில் என்றால் நல்ல பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அளந்து கட்டுரை எழுதிவிடலாம். வாடிக்கையாளருக்கு முழு வேஃபர் வேண்டும், அதுவும் ஆயிரமாவதும் முதலாவதைப் போலவே. காப்புரிமைத் தாளில் இந்தக் கழுவும் பக்குவம் வராது. அது ஆட்களோடுதான் நகரும்.

அப்புறம் இன்னொரு சிக்கல், இது அறிவியலே இல்லை. ஒரே ஒரு சின்ன நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் பொருளை நம்பி எந்தச் சில்லு நிறுவனம் வடிவமைப்பில் இறங்கும்? அதனால் 1997-இல் ஜப்பானின் வேஃபர் நிறுவனமான ஷின்-எட்சுவுக்கு உரிமம் கொடுத்தார்கள். போட்டியாளருக்கே பாடம் சொல்லிக்கொடுத்ததாகத் தோன்றும். என் கணக்கில், அந்த இரண்டாவது கடை திறந்த பிறகுதான் முதல் கடைக்கு ஆள் வர வழி பிறந்தது. இன்று ஸ்மார்ட்போனில் ஆன்டெனாவை அடுத்திருக்கும் ஸ்விட்ச் சில்லு பெரும்பாலும் இப்படி ஆக்சைடின் மேல் அமர்ந்த சிலிக்கான் தோலில்தான் செய்யப்படுகிறது.