சதிக் கோட்பாடா, சதி ஊகமா?

நெல்லை வண்ணாரப்பேட்டைத் தேநீர்க் கடை ஒன்றில் நாளிதழை உரக்கப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "அண்ணாச்சி, அந்த அமெரிக்காக்காரனைச் சிறைக்குள் கொன்ற சதிக் கோட்பாட்டாளர்களை இன்னும் பிடிக்கவில்லையா?"

அவர் படித்ததில் பிழை இல்லை. அமெரிக்கச் சிறையில் இறந்த செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் மரணத்தைப் பற்றிய அந்தச் செய்தியில் "சதிக் கோட்பாட்டாளர்கள் மீண்டும் தீவிரம்" என்றுதான் அச்சாகியிருந்தது. தமிழ் தெரிந்த எவரும் அதை அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். அகிம்சைக் கோட்பாட்டாளர் அகிம்சையைக் கடைப்பிடிப்பவர். சமத்துவக் கோட்பாட்டாளர் சமத்துவத்தை நம்பி நடப்பவர். அப்படியானால் சதிக் கோட்பாட்டாளர் யார்? சதி செய்வதையே கொள்கையாகக் கொண்டவர். சதி நடந்ததாகச் சந்தேகிப்பவனைக் குறிக்க வந்த சொல், சதி செய்தவனைக் குறித்துவிட்டது. குற்றம் சாட்டுபவனையே குற்றவாளியாக மாற்றிவிடும் சொல்லைத் தொலைக்காட்சியும் நாளிதழும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஆங்கிலத்தில் கான்ஸ்பிரசி தியரி என்பார்கள். முதல் பாதி இலத்தீனிலிருந்து வந்தது. சேர்ந்து மூச்சுவிடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். தியரிக்குக் கிரேக்கத்தில் பார்த்தல், நோக்குதல் என்று பொருள். நம் பக்கத்தில் கோட்பாடு என்பது கோள், பாடு என்ற இரண்டும் புணர்ந்து வந்தது. கொள் என்ற வினையிலிருந்து கோள். மனத்தில் கொண்ட கொள்கை, பற்றி நிற்கும் முடிவு என்பதே கோட்பாடு. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். சிக்கல் வேரில் இல்லை.

ஆங்கிலத்தில் தியரி என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஐன்ஸ்டீன் நிறுவியதும் தியரி. பிணம் கிடந்த அறையைச் சுற்றிப் பார்த்த துப்பறிவாளர், "கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது, ஆகவே இப்படி நடந்திருக்கலாம்" என்று சொல்வதும் தியரி. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாளிதழ்களில் இந்தத் தொடர் தலைகாட்டியபோது இரண்டாவது பொருளில்தான் வந்தது. ஒரு கொலையைப் பற்றியோ கலகத்தைப் பற்றியோ தற்கொலையாக இருக்கலாம் என்று ஒரு தியரி, தனி ஆளின் வேலை என்று ஒரு தியரி, பலர் கூடிச் செய்த சதி என்று ஒரு தியரி. மூன்றும் ஊகங்கள். அமெரிக்க உளவுத்துறைதான் 1967இல் இந்தத் தொடரையே உருவாக்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இது அச்சில் இருந்ததால், அந்தக் கூற்று நிற்காது.

நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், தியரிக்கு நேரே முதலில் கண்ட கோட்பாட்டை எடுத்தார், சதியோடு ஒட்டினார். துப்பறிவாளரின் ஊகத்துக்கு ஐன்ஸ்டீனின் நாற்காலி கிடைத்துவிட்டது. சார்பியல் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு என்று பள்ளிப் பாடநூலில் படித்த பிள்ளை, அடுத்த வரியில் சதிக் கோட்பாடு என்று பார்த்தால் என்ன நினைக்கும்? சோதித்து நிறுவப்பட்ட ஒன்று என்றுதானே நினைக்கும்? நிறுவப்படாததே இதன் இலக்கணம் அல்லவா?

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இதைத் திருத்துவதாக எண்ணிச் சூழ்ச்சிக் கோட்பாடு என்கிறார்கள். நோய் இல்லாத பாதியை மாற்றிவிட்டு நோயுள்ள பாதியை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதோடு, சூழ்ச்சி பழந்தமிழில் நல்ல சொல். "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" என்று வள்ளுவர் சொல்வது, நன்கு ஆராய்ந்து துணிந்த முடிவுக்கு வருவதை. கூடி எண்ணுவது என்ற பொருளும் இதற்கு உண்டு, அந்த அளவில் இலத்தீன் வேருக்கு இது அழகாக ஒத்துவரும் என்பதை மறுக்கவில்லை. இன்றைய வழக்கில் பொருள் சரிந்துவிட்டதும் உண்மை. ஆனால் ஒரு தந்திரக்காரன் தனியாகவும் சூழ்ச்சி செய்யலாம். சதிக்கு இரண்டாவது ஆள் வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 120ஏ பிரிவு அப்படித்தான் வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 61ஆம் பிரிவும் அப்படித்தான் சொல்கிறது. இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ உடன்பட வேண்டும். சட்டத் தமிழில் குற்றமுறு சதி, செய்தித் தமிழில் கூட்டுச் சதி. ஆகவே சதி இருக்கட்டும். மாற வேண்டியது கோட்பாடு.

கருதுகோள் என்று போடலாமே என்று கல்லூரிப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். கருதுகோள் சோதனைக்காகவே முன்வைக்கப்படுவது. சோதனையில் தோற்றால் வைத்தவரே கைவிட வேண்டும். சதியை நம்புகிறவர் கைவிடுவதில்லை. எதிர்ச் சான்று வந்தால், அந்தச் சான்றும் சதியின் பகுதி என்று சேர்த்துக்கொள்வார். கருதுகோளின் ஒழுக்கம் அவரிடம் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் சதிக்கதை, சதிப் புனைவு என்று எழுதுகிறது. இதைத்தான் நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். கோட்பாடு தகுதிக்கு மீறிய மரியாதை கொடுக்கிறது என்றால், கதை விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதுகிறது. நெல்லைச் சீமைக்காரர்கள் இந்தச் சொல்லை எளிதாக ஏற்கக் கூடாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. ஊர் அதை நம்பவில்லை. உள்ளே அடித்தார்கள் என்று ஊர் சொன்னது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகத் தலையிட்டது, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் விசாரித்தார், ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சாட்சி சொன்னார், அந்தச் செப்டம்பரில் சிபிஐ ஒன்பது காவலர்கள்மேல் கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. முதல் நாளே யாராவது ஊர்ப் பேச்சைச் சதிக்கதை என்று எழுதியிருந்தால் அந்தச் சொல் யாருக்குத் துணை போயிருக்கும்? லாக்கப் சாவு என்று நம் மக்கள் சொல்லும்போது அவர்கள் குரலில் இருக்கும் ஐயம் கற்பனையில் பிறந்ததல்ல, பட்ட அனுபவத்தில் பிறந்தது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் உயர்த்தவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது. எப்ஸ்டீன் விவகாரத்தையே உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். சிறுமிகளைப் பாலியல் தொழிலுக்குக் கடத்திய குற்றச்சாட்டில் 2019 ஜூலை 6 அன்று கைதாகி, நியூயார்க்கின் மன்ஹாட்டன் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தார். ஜூலை 23 அன்று கழுத்தில் காயத்தோடு கண்டெடுக்கப்பட்டார். தனிக் கண்காணிப்பில் வைத்தார்கள், சில நாளில் அதை விலக்கினார்கள். ஆகஸ்ட் 9 அன்று அவரோடு அறையில் இருந்த கைதி வேறிடம் மாற்றப்பட்டார். வேறு ஆளை உடன் வைக்க வேண்டும் என்ற உத்தரவு இருந்தும் வைக்கவில்லை. அரை மணிக்கு ஒரு முறை சுற்றி வர வேண்டிய காவலர் இருவரும் அந்த இரவு சுற்றவில்லை, சுற்றியதாகப் பதிவேட்டில் எழுதினார்கள். கேமராக்கள் பலவற்றின் காட்சி பதிவாகவே இல்லை. ஆகஸ்ட் 10 காலை அவர் பிணமாகக் கிடந்தார். வயது 66. நகரத் தலைமை மருத்துவப் பரிசோதகர் தூக்கிட்டுத் தற்கொலை என்றார். எப்ஸ்டீனின் சகோதரர் அமர்த்திய தடயவியல் மருத்துவர் மைக்கேல் பேடன், கழுத்தெலும்பு முறிவுகள் நெரித்துக் கொன்றதோடுதான் அதிகம் பொருந்துகின்றன என்றார். 2023 ஜூனில் அமெரிக்க அரசின் நீதித்துறைத் தலைமை ஆய்வாளர் அறிக்கை சிறையின் அலட்சியத்தையும் முறைகேட்டையும் அடுக்கியது, ஆனால் தற்கொலை என்ற முடிவுக்கு எதிரான சான்று கிடைக்கவில்லை என்றது. 2025 ஜூலையில் நீதித்துறையும் எஃப்பிஐயும் அதையே மறுபடி சொல்லி ஒரு காணொளியை வெளியிட்டன. அதில் நள்ளிரவுக்கு முன் ஒரு நிமிடம் காணவில்லை. ஊர் வாய் மறுபடி திறந்துகொண்டது.

இதில் மொழிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அந்தக் காவலர் இருவர்மேல் 2019 நவம்பரில் போட்ட வழக்கில் சதி என்ற குற்றச்சாட்டே இருந்தது. கொலைக்காக அல்ல, பொய்ப் பதிவுக்காகக் கூட்டுச் சேர்ந்ததற்காக. பிறகு அவர்கள் பதிவேட்டைப் பொய்யாக நிரப்பியதை ஒப்புக்கொண்டு சமூகப் பணி செய்ய இசைந்ததால் வழக்கு கைவிடப்பட்டது. அதாவது, நீதிமன்றத்துக்கு வந்த சதி ஒன்று. மக்கள் ஊகித்த சதி வேறொன்று. இரண்டையும் ஒரே செய்தியில் எழுத வேண்டியவர் சதிக் கோட்பாடு என்று எழுதினால் எது எது என்று வாசகர் எப்படிப் பிரிப்பார்?

சதி ஊகம் என்று எழுதிப் பாருங்கள். தெளிந்துவிடும். பேடன் சொன்னதை வைத்துக் கொலை என்று எண்ணுவது ஊகம். அதற்கு அடிப்படையும் உண்டு, அது நிறுவப்படவும் இல்லை. ஊகம் என்ற சொல் இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. நாளைக்குச் சான்று வந்தால் ஊகம் உண்மையாகலாம், வராவிட்டால் ஊகமாகவே நிற்கலாம். சாத்தான்குளத்து ஐயத்தையும் அது இழிவு செய்யாது. மறுக்கப்பட்ட பிறகும் அதையே பரப்பினால், அதற்குப் புரளி என்ற சொல் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. எப்ஸ்டீன் சாகவே இல்லை, எங்கோ ஒளிந்து வாழ்கிறார் என்பது புரளி. உடற்கூறாய்வு முடிந்த உடலைப் பற்றி அப்படிச் சொல்வதை ஊகம் என்றுகூட மதிக்க வேண்டியதில்லை.

ஊகம் வடசொல் ஆயிற்றே என்பார்கள். ஆம், வடசொல்தான். சங்கத் தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு என்பதும் தெரியும். உய்த்துணர்வு என்று தூய தமிழில் போடலாம் என்றால், அது சான்றிலிருந்து முறையாக உணர்வது. மறுபடியும் தகுதிக்கு மீறிய நாற்காலி. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு பெரிது. திருச்செந்தூர்ப் பக்கத்துக் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரிய வேண்டும் என்று நாளிதழ் நடத்திக் காட்டினார். அந்த மண்ணிலேயே, நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் செய்தியைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார் என்றால் எழுதியவருக்குத்தான் வெட்கம்.

இந்த ஒரு சொல்லோடு போயிற்றா? அதே எப்ஸ்டீன் செய்திகளில் "தற்கொலைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்" என்று வருகிறது. தற்கொலை செய்துகொள்வதைக் கண்காணித்தார்களா? தற்கொலைத் தடுப்புக் கண்காணிப்பு என்று எழுத எத்தனை எழுத்து கூடிவிடும்? "வாடிக்கையாளர் பட்டியல்" என்கிறார்கள். சிறுமிகளைச் சீரழித்தவர்களுக்குத் துணிக்கடைக்கு வருகிறவரின் பெயர். ஆங்கில வாக்கியத்தின் எலும்பில் தமிழ்ச் சதையைப் போர்த்தும் இந்த வேலையைச் செய்தி அறைகளில் யாரும் தடுப்பதில்லை. மெய்ப்புப் பார்ப்பவர்கள் ஒற்றுப்பிழையைத் திருத்துகிறார்கள், பொருட்பிழையை விட்டுவிடுகிறார்கள். "சதிக்" என்பதில் க் விழாமல் பார்த்துக்கொண்டவர், அடுத்து வந்த கோட்பாடு பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை.

கடைசியாக, ஆளைக் குறிக்கும்போது "ஆளர்" வேண்டாம். ஆய்வாளர், எழுத்தாளர் வரிசையில் வைக்க வேண்டியவர்கள் அல்லர் இவர்கள். பல இடங்களில் பெயர்ச்சொல்லே தேவையில்லை. தமிழ் வினையில் நடக்கும் மொழி. கோட்பாடு என்ற பெயரிலிருந்து வினை பிறக்காது. ஊகத்திலிருந்து ஊகிக்கிறார்கள் என்று உடனே பிறக்கும். அந்தத் தலைப்பை இப்படிப் போட்டிருக்கலாம்: "எப்ஸ்டீன் மரணத்தில் சதி: மீண்டும் சந்தேகம் கிளப்புகிறார்கள்."