மருந்துப்போலி: சொல் விளக்கம்

உடற்பருமன் குறைக்கும் ஊசி மருந்துகள் பற்றிய செய்திகளில் 'பிளசிபோ' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவினருக்குத் தருவது இது. பார்வைக்கு மருந்தேதான், அதே பேனா ஊசி, வாரம் ஒருமுறை அதே முறையில் போட்டுக்கொள்வது. உள்ளே வேலை செய்யும் மருந்துச் சத்து மட்டும் இருக்காது. யாருக்கு எது கிடைக்கிறது என்பது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

இது லத்தீன் சொல். 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் இறந்தோருக்கான மாலை வழிபாட்டுப் பாடல் இந்தச் சொல்லில்தான் தொடங்கும். ஆதாயத்துக்காக அதைப் பாட வருவோரால் 'பிளசிபோ பாடுவது' முகத்துதிக்குப் பெயரானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ அகராதிக்குள் நுழைந்தது. நோயைத் தீர்ப்பதைவிட நோயாளியின் மனத்தைத் திருப்திப்படுத்தக் கொடுக்கும் மருந்து என்பது 1811ஆம் ஆண்டு அகராதி தந்த விளக்கம்.

தமிழில் இதைப் பலர் 'போலி மருந்து' என்று எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். நாளிதழில் 'போலி மருந்து பறிமுதல்' என்று படிக்கும் நமக்கு அது கள்ள மருந்து, குற்றம். ஆய்வுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட வந்தவர் படிவத்தில் அந்தச் சொல்லைக் கண்டால் மிரண்டு போவார். சொற்களை இடம் மாற்றி 'மருந்துப்போலி' என்றால் போதும், பொருள் நேராகிவிடும். போலி என்பது 'போல்' என்பதிலிருந்து வந்தது. இலக்கணத்தில் 'அறம்' என்பதை 'அறன்' என்றாலும் பொருள் மாறாது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நிற்கிறது, அதைக் கடைப்போலி என்கிறோம். அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. மருந்தின் இடத்தில் மருந்துபோல நிற்பது மருந்துப்போலி. 'வெற்று மருந்து' என்பதும் பிழையில்லை. ஆனால் தோற்றத்தில் ஒத்திருப்பதை அது சொல்லவில்லை.

2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வைப் பாருங்கள். செமாகுளுடைடு என்ற எடை குறைப்பு ஊசி மருந்துக்காக 1,961 பேரிடம் 68 வாரம் நடந்தது. மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது, மருந்துப்போலி பெற்றவர்களுக்கு 2.4 விழுக்காடு. மருந்தே இல்லாமல் எப்படிக் குறைந்தது? இரு பிரிவினருக்கும் நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிடவும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யவும் ஆலோசனை தரப்பட்டது. எனவே அந்த 2.4ஐ முழுவதுமாக 'மருந்துப்போலி விளைவு', அதாவது மருந்து எடுக்கிறோம் என்ற நம்பிக்கையால் வந்த மாற்றம், என்று எழுதுவது தவறு. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் அதில் அடங்கியிருக்கின்றன. மருந்தின் பங்கு என்று சொல்லத் தக்கது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான்: ஏறத்தாழ 12.4 விழுக்காட்டுப் புள்ளிகள் (எண்களைத் தோராயமாக்கும் முன் கணக்கிட்டது).