புள்ளியாகத் தெரிந்தால் போதாது

1988இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரே விசித்திரத்தைக் கண்டன. எச்.ஐ.வி.யின் டாட் என்ற புரதத்தைச் செல்கள் வளரும் திரவத்தில் சும்மா கலந்துவிட்டாலே போதும். அது தானாகச் செல்லுக்குள் புகுந்து உட்கருவில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இத்தனை பெரிய மூலக்கூறு செல் சவ்வைத் தாண்டாது என்பதுதான் அதுவரை பாடம். பிறகு பார்த்தால் முழுப் புரதமும் வேண்டியதில்லை, பதினோரு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு போதும். அதில் ஆறு ஆர்ஜினின், இரண்டு லைசின். எட்டுமே நேர்மின்னூட்டம் கொண்டவை.

அமினோ அமிலங்களின் குட்டிச் சங்கிலிக்குப் பெப்டைட் என்று பெயர். இப்படிச் செல்லுக்குள் புகும் பெப்டைட்கள் அதன்பின் வரிசையாக வந்தன. இன்று தில்லி ஓக்லாவில் உள்ள ஐ.ஐ.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பணிபுரியும் கஜேந்திர ராகவா, சண்டிகரில் இருந்தபோது இவற்றுக்கென்றே சிபிபிசைட் என்ற தரவுத்தளத்தைத் தன் குழுவோடு உருவாக்கினார். அதன் இரண்டாம் பதிப்பில் 1,800க்கும் மேற்பட்ட பெப்டைட்கள் உண்டு.

செல்லுக்குள் மரபணுவை ஏற்றிச் செல்ல இவை ஏன் தேவை? டி.என்.ஏ.வின் முதுகெலும்பு முழுக்கப் பாஸ்பேட். ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் ஓர் எதிர்மின்னூட்டம். 5,000 கார இணைகள் கொண்ட ஒரு பிளாஸ்மிட்டில் (வளையமான டி.என்.ஏ.) ஏறத்தாழ 10,000 எதிர்மின்னூட்டங்கள். செல்லின் வெளிப்பரப்பில் படர்ந்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவையே. அதனால் டி.என்.ஏ. தனியாக வந்தால் அருகிலேயே ஒட்டாது. ஆர்ஜினின் நிறைந்த பெப்டைட்களோடு கலந்தால், அவை டி.என்.ஏ.வைச் சுற்றிக்கொண்டு அதை நுண்ணிய உருண்டையாகச் சுருக்கிவிடும். பெப்டைட் சற்றுக் கூடுதலாக இருந்தால் உருண்டையின் வெளிப்புறம் நேர்மின்னூட்டமாகி, செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். லைசினுக்கும் அதே மின்னூட்டம்தான். ஆனாலும் ஆர்ஜினின் பாஸ்பேட்டை ஒரே நேரத்தில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடிப்பதால் உள்ளே புகுவதில் அது கெட்டிக்காரன்.

இதுவரை எல்லாம் சுகம். சிக்கல் இனிமேல்தான். உருண்டை சவ்வைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. பெரும்பாலும் செல் தன் சவ்வைக் குழித்து அதை ஒரு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பைக்கு எண்டோசோம் என்று பெயர். தில்லி மயூர் விகார் அடுக்ககங்களில் பார்சல் கேட் அறையோடு நின்றுவிடுவதுபோல, சரக்கு வளாகத்துக்குள் வந்தும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. போதாததற்கு இந்தப் பை நேரம் ஆக ஆக அமிலமாகி, கடைசியில் செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு கலந்து, உள்ளிருப்பதைச் செரித்துவிடும்.

முனிர்காவில் தங்கி ஆராய்ச்சி செய்யும் மதுரைப் பெண் ஒருத்தியிடம், “என்னம்மா, உள்ள போச்சா?” என்று கேட்டேன். “போச்சுக்கா. புள்ளி புள்ளியா உட்கார்ந்திருக்கு. பரவினாத்தானே சந்தோஷம்!” என்றாள். ஒளிரும் சாயம் பூசிய பெப்டைட் நுண்ணோக்கியில் புள்ளிகளாகத் தெரிந்தால் பைக்குள் சிக்கியிருக்கிறது என்று பொருள்.

இந்தத் துறையே ஒரு காலத்தில் இதில் ஏமாந்தது. ஆரம்ப ஆய்வுகளில் செல்களை மெத்தனாலிலோ ஃபார்மால்டிஹைடிலோ பதப்படுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெப்டைட் உட்கரு முழுக்க நிறைந்திருந்தது. சவ்வை நேராகவே தாண்டுகிறது என்று முடிவு கட்டினார்கள். 2003இல் பிரான்ஸின் மோன்பெலியே குழு உயிருள்ள செல்களையே பார்த்தபோது புள்ளிகள்தான் தெரிந்தன. பதப்படுத்தும்போது சவ்வுகள் கெட்டு, சிக்கியிருந்த பெப்டைட் கசிந்து பரவியிருந்தது! அதன்பின் பழைய முடிவுகள் பலவற்றைத் திரும்பச் சோதிக்க வேண்டியதாயிற்று.

பையிலிருந்து தப்ப ஒரு வழி ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பெப்டைட்டில் சேர்ப்பது. வெளியே பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும்) 7.4இல் இதற்குப் பெரிதாக மின்னூட்டம் இல்லை. பைக்குள் பி.எச். 6க்குக் கீழே இறங்கும்போது புரோட்டான்களை வாங்கி நேர்மின்னூட்டம் பெறுகிறது. புரோட்டான்களை இப்படி உறிஞ்சுவதால் நீர் புகுந்து பை வெடிக்கிறது என்பது ஒரு விளக்கம். மின்னூட்டம் பெற்ற பெப்டைட்டே பையின் சவ்வைக் குலைக்கிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதே நம்பத் தகுந்ததாகப் படுகிறது. எப்படியானாலும் தப்புவது சொற்பம். கொழுப்பு நுண்துகள்களில் ஏற்றிய குட்டி ஆர்.என்.ஏ.க்களை 2013இல் அளந்தபோது 1 முதல் 2 விழுக்காடுதான் வெளியே வந்திருந்தது.

தப்பினாலும் சரக்கை அவிழ்க்க வேண்டும். பெப்டைட்டில் கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீனைச் சேர்த்தால் அவை கந்தகப் பிணைப்புகளால் உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். செல்லுக்குள் நிறைந்திருக்கும் குளூட்டத்தயோன் என்ற சிறு மூலக்கூறு அந்தப் பிணைப்புகளை உடைக்கும். சரக்கு தூது ஆர்.என்.ஏ.வானால் அதற்கு உட்கருவுக்கு வெளியே, அங்கேயே வேலை. பிளாஸ்மிட்டோ உட்கருவுக்குள்ளும் போயாக வேண்டும். பிரிந்து பெருகாத செல்களில் அது இன்னொரு பெரிய தலைவலி.

தில்லி மதுரா சாலையில் உள்ள மரபணு ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி.யில் முனியா கங்குலி குழு, இத்தகைய பெப்டைட்களால் டி.என்.ஏ.வைத் தோலுக்குள் செலுத்தும் ஆய்வைச் செய்திருக்கிறது. தோலைத் தேர்ந்தது புத்திசாலித்தனம் என்பேன். ரத்தத்தில் செலுத்தினால் நேர்மின்னூட்ட உருண்டைகள்மீது அங்குள்ள புரதங்கள் மொய்த்துக்கொள்ளும். சவ்வைக் குலைக்கும் பெப்டைட் அளவு மீறினால் செல்லையே கொல்லும். தோலிலோ வேண்டிய இடத்தில் மட்டும் தடவலாம், எரிச்சல் வந்தால் கண்ணுக்குத் தெரியும், நிறுத்திவிடலாம்.